வேறு ஊர்த் திட்டத்தை நம் ஊருக்குக் கொண்டுவரும்போது யாரிடம், எப்போது, எப்படிப் பேசுவது: ஒரு முழுமையான வழிகாட்டி

2008 மார்ச் மாதம் நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில், மைல் 12 என்ற இடத்திலிருந்து சிஎம்எஸ் வரை 22 கிலோமீட்டருக்குப் பேருந்துத் தடம் ஒன்று திறக்கப்பட்டது. அடுத்த மாதமே தில்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்கு அதே மாதிரியான தடம் சோதனை ஓட்டத்துக்கு வந்தது. இரண்டுக்கும் ஊற்று ஒன்றுதான். பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974இல் தொடங்கி வைத்து, கொலம்பியாவின் பொகோட்டா 2000 டிசம்பரில் ‘டிரான்ஸ்மிலேனியோ’ என்ற பெயரில் பெரிய அளவில் செய்துகாட்டிய விரைவுப் பேருந்துத் தடம் அது: சாலையில் பேருந்துக்கென்றே ஒதுக்கிய தனித்தடம். சுருக்கமாக பிஆர்டி.

லாகோஸ் தடம் நிலைத்தது, பிறகு இகோரோடு வரை நீண்டது. தில்லித் தடத்தைக் கைவிட 2015இல் முடிவெடுத்து, 2016இல் இடித்தார்கள். இத்தனைக்கும் அதை மூடச் சொல்லிப் போடப்பட்ட வழக்கை 2012இல் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்தது. நீதிமன்றத்தில் வென்ற திட்டம் தெருவில் தோற்றது.

தில்லியின் தோல்விக்குச் சாலை வடிவமைப்பு, சிக்னல், பேருந்துகளின் எண்ணிக்கை என்று பல காரணங்கள் உண்டு. பேச்சு ஒன்றே எல்லாவற்றையும் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த இரண்டு நகரங்களையும், இன்னும் சில நகரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. திட்டம் நிலைத்த இடங்களில் மக்களோடு நடந்த பேச்சு, திட்டத்தையே மாற்றியிருக்கிறது. தோற்ற இடங்களில் திட்டம் முடிவான பிறகு மக்களுக்கு அறிவித்திருக்கிறார்கள்.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும், ஒவ்வொரு நோட்டீஸுக்குப் பிறகும் கேளுங்கள்: “இந்தப் பேச்சால் திட்டத்தில் எது மாறியது?” எதுவும் மாறவில்லை என்றால் நடந்தது விளம்பரம். விளம்பரமும் வேண்டியதுதான், ஆனால் அதைக் கலந்தாலோசனை என்று கணக்கில் எழுதக் கூடாது.

நகராட்சியில் வேலை செய்பவர், வார்டு கவுன்சிலர், தொண்டு நிறுவனக்காரர், பொது நிர்வாகம் படிக்கும் மாணவர் என்று யாராக இருந்தாலும் கீழே வரும் படிகள் பயன்படும். பேருந்தை வைத்தே பெரும்பாலும் பேசுகிறேன். குப்பை, குடிநீர், ரேஷன், மருந்து என்று எதற்கும் வரிசை இதுதான்.

படி 1: வெளியூர் போகுமுன் உள்ளூரில் கேளுங்கள்

பெரும்பாலும் என்ன நடக்கிறது? ஒருவர் வெளிநாட்டில் ஒரு பளபளப்பான திட்டத்தைப் பார்க்கிறார், அல்லது ஆலோசகர் ஒருவர் படங்களோடு வந்து காட்டுகிறார். “இதை நம்ம ஊரில் செய்தால் என்ன?” என்று தோன்றுகிறது. தீர்வு முதலில் வந்துவிடுகிறது. பிரச்சினையை அதன் பிறகு தேடுகிறோம்.

இதைத் திருப்பிப் போடுங்கள். லாகோஸில் மக்கள் நாள்தோறும் ஏறியது டான்ஃபோ என்ற மஞ்சள் சிற்றுந்துகளிலும் மொலுவே என்ற பழைய பெரிய வண்டிகளிலும். கூட்டம் கூடினால் கட்டணம் ஏறும், மழை வந்தால் இன்னும் ஏறும். வண்டி எப்போது வரும், எப்போது போய்ச் சேரும் என்பதற்கு உறுதி கிடையாது. அந்த ஊர்ப் பயணிக்கு ‘பிஆர்டி வேண்டும்’ என்ற எண்ணமே இருந்திருக்காது. ஒரே கட்டணம் வேண்டும், பாதுகாப்பாகப் போக வேண்டும், நேரத்துக்கு வேலைக்குச் சேர வேண்டும், இவ்வளவுதான்.

இந்த முதல் சுற்றில் நீங்கள் கொண்டுவரப்போகும் திட்டத்தின் பெயரையே எடுக்காதீர்கள். பெயரைச் சொன்னதும் பேச்சு ‘வேண்டுமா, வேண்டாமா’ என்று இரண்டாகப் பிளந்துவிடும். நேற்று எப்படிப் போனீர்கள், எவ்வளவு நேரம் நின்றீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். கேட்கும் இடம் கூட்ட அரங்காக இருக்க வேண்டாம். அரங்குக்கு வர நேரம் இருப்பவர்கள்தான் அங்கே வருவார்கள். பேருந்து நிறுத்தம், மார்க்கெட் வாசல், ஷிஃப்ட் முடியும் நேரத்தில் தொழிற்சாலைக் கேட் ஆகிய இடங்களுக்குப் போங்கள். அவர்கள் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி வையுங்கள், படி 4இல் தேவைப்படும்.

படி 2: பார்க்கப் போகிறவர்களின் பட்டியலை மாற்றுங்கள்

இந்தப் படியில்தான் அதிகம் தவறு நடக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

வெளியூர்ப் பயணம் என்றால் வழக்கமாக யார் போவார்கள்? உயர் அதிகாரிகள், அரசியல் தலைவர்கள், ஆலோசகர்கள். ஏற்கெனவே நம்பியவர்கள் போய், இன்னும் அதிகமாக நம்பித் திரும்புவார்கள்.

லாகோஸின் போக்குவரத்து ஆணையமான லமாட்டா வேறு மாதிரி செய்தது. அங்கே சாலைப் போக்குவரத்துத் தொழிலாளர்களின் தேசியச் சங்கம் மிகவும் பலம் வாய்ந்தது. தனித்தடம் வந்தால் அவர்களுடைய வண்டிகளுக்கும் வரும்படிக்கும் அடி விழும். அந்தச் சங்கத்துத் தலைவர்களையே லத்தீன் அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க்கும் இதே வழியில் மினிபஸ் டாக்ஸித் தலைவர்களைப் பொகோட்டாவுக்கு அழைத்துப் போனது.

இதனால் என்ன பலன்? ஒரு வண்டி முதலாளி இன்னொரு ஊர் வண்டி முதலாளியிடம் கேட்கும் கேள்வியை எந்த அதிகாரியாலும் கேட்க முடியாது. “நீ உன் பழைய வண்டியை என்ன செய்தாய்? கடன் யார் கொடுத்தார்கள்? இப்போது மாதம் கையில் எவ்வளவு நிற்கிறது?” பொகோட்டாவிலும் டிரான்ஸ்மிலேனியோவுக்கு முன்பு பயணி தலைக்கு இவ்வளவு என்று வரும்படி பார்த்த ஓட்டுநர்கள், ஆளைப் பிடிக்கத் தெருவில் பந்தயம் ஓட்டினார்கள். அந்த ஊரில் அதற்குக் காசுச் சண்டை என்றே பெயர். அந்தப் பழைய கம்பெனிகளில் பலவும் புதிய இயக்கும் நிறுவனங்களில் பங்குதாரர்களாகச் சேர்ந்தன. இந்த விவரம் சிவப்புப் பேருந்தின் புகைப்படத்தில் தெரியாது. கேட்டால்தான் வரும்.

பட்டியலில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, திட்டத்தால் நட்டப்படக் கூடியவர்களாகவோ சந்தேகப்படுபவர்களாகவோ இருக்கட்டும் என்பது என் கருத்து. பணம் இல்லையென்றால் வெளிநாடே போக வேண்டாம். பக்கத்து மாநிலம் போகலாம், காணொளி அழைப்பில் ஓட்டுநரோடு ஓட்டுநர் பேசலாம்.

அங்கே போய்க் கேட்க வேண்டியவை:

- இது தொடங்கும்போது யார் கத்தினார்கள்? அவர்களோடு என்ன பேசி முடித்தீர்கள்?
- முதலில் போட்ட திட்டத்தில் எதை மாற்றினீர்கள், யார் சொல்லி?
- இப்போது மக்கள் எதற்காகத் திட்டுகிறார்கள்?
- இதைச் சாத்தியமாக்கிய, ஆனால் வெளியில் தெரியாத வேலை எது?

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். 2012 மார்ச்சில் பொகோட்டாவில் நெரிசலையும் கட்டணத்தையும் எதிர்த்துக் கிளம்பியவர்கள் டிரான்ஸ்மிலேனியோ நிலையங்களையே அடித்து நொறுக்கினார்கள். உலகமே புகழ்ந்த திட்டத்துக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் வீடு திரும்பினால் பாதிதான் பார்த்திருக்கிறோம்.

கடைசிக் கேள்விக்கும் பொகோட்டாவே உதாரணம். டிரான்ஸ்மிலேனியோவைக் கட்டியவர் மேயர் என்ரிக்கே பெனலோசா. அவருக்கு முன்பே, 1995இல் மேயரான அன்டனாஸ் மொக்கஸ், பேசாமல் நடித்துக்காட்டும் கலைஞர்களைச் சாலைச் சந்திப்புகளில் நிறுத்தி, கோட்டைத் தாண்டும் ஓட்டுநர்களையும் குறுக்கே ஓடுபவர்களையும் கிண்டலாலேயே திருத்த முயன்றார். சாலையில் எப்படி நடந்துகொள்வது என்ற பேச்சு அந்த ஊரில் முன்பே தொடங்கியிருந்தது. பேருந்துத் தடத்தை வாங்கி வந்த எந்த ஊரும் அந்தக் கலைஞர்களைச் சேர்த்து வாங்கி வந்ததாகத் தெரியவில்லை.

நம் பக்கத்திலும் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பார்த்து, கேரளம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்கள் மருந்து வாங்குவதற்கு அதே மாதிரிக் கழகங்களை அமைத்தன. பார்க்க வருபவர் கண்ணில் முதலில் படுவது கிடங்கும் மொத்த டெண்டரும். ஆனால் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கொடுக்கப்படும் பாஸ்புக் ஒன்று உண்டு. எவ்வளவுக்கு மருந்து எடுக்கலாம், எவ்வளவு எடுத்தாயிற்று என்பது அதில் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையமும் கிடங்கும் பேசிக்கொள்ளும் மொழியே அந்தப் பாஸ்புக்தான். திட்டத்தைக் கடன் வாங்குபவர்கள் இந்த மாதிரிச் சின்னப் பொருளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

படி 3: யாருக்கு நட்டம் என்று பெயர் எழுதுங்கள், அவர்களிடம் முதலில் போங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள்: இந்தத் திட்டம் வந்தால் யாருடைய வருமானம், இடம், நேரம், மரியாதை குறையும்? ‘பொதுமக்கள்’ என்று எழுதாதீர்கள். ‘ரயிலடி ஷேர் ஆட்டோக்காரர்கள், மேற்குப் பக்கத்துப் பூக்கடைகள், காரில் போகிறவர்கள்’ என்று குறிப்பாக எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர்களுக்கு என்ன கொடுக்க முடியும், என்ன கொடுக்க முடியாது என்று எழுதுங்கள்.

லாகோஸில் சங்கத்தோடு நடந்த பேச்சு எங்கே போய் முடிந்தது தெரியுமா? சங்கத்தினரே ஒரு கூட்டுறவு அமைத்து, வங்கிக் கடனில் பேருந்து வாங்கி, அந்தத் தடத்தில் ஓட்டினார்கள். (அவர்கள் வாங்கியவை நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்ட் வண்டிகள்.) எதிரியாக நின்றிருக்கக் கூடியவர் முதலாளி ஆனார். திட்டத்தின் மிகப் பெரிய மாற்றம் அந்தப் பேச்சில் பிறந்ததுதான்.

ஜோஹன்னஸ்பர்க்கில் இது இவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. மினிபஸ் டாக்ஸி என்பது நிறவெறி ஆட்சிக் காலத்தில் கறுப்பின மக்கள் தாங்களே வளர்த்தெடுத்த தொழில். அரசாங்கம் வந்து ‘சேர்ந்து செய்வோம்’ என்று சொன்னால் உடனே நம்ப அவர்களுக்குக் காரணம் இல்லை. 2009 ஆகஸ்ட் கடைசியில் ‘ரேயா வாயா’ பேருந்துகள் ஓடத் தொடங்கின. சில நாட்களிலேயே பேருந்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அப்போதும் பேச்சை நிறுத்தவில்லை. 2011இல் டாக்ஸி உரிமையாளர்களே பங்குதாரர்களாக உள்ள நிறுவனம் முதல் கட்டப் பேருந்துகளை ஏற்று நடத்த வந்தது. வண்டி ஓடத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகியும் பேச்சு நடந்துகொண்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். ‘கலந்தாலோசனை: ஜனவரி முதல் மார்ச் வரை’ என்று அட்டவணை போடுபவர்கள் இதை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தில்லியில் நட்டப்பட்டவர் யார்? காரில் போனவர். சாலையில் அவருக்கு இருந்த அகலம் குறைந்தது, பக்கத்துத் தடம் காலியாக இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரிந்தது. அவருடைய கோபம் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் நாள்தோறும் வந்தது. பேருந்தில் போனவரும், தனிப் பாதை கிடைத்த சைக்கிள்காரரும் தங்களுக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்ல அங்கே ஒரு மேடை இல்லை.

ஆகவே இந்தப் படியில் இரண்டு வேலைகள். நட்டப்படுபவரிடம் பேரம் பேசுவது ஒன்று. லாபம் பெறுபவரை ஒன்றுசேர்த்துப் பேச வைப்பது இன்னொன்று. இரண்டாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், ஏனென்றால் அவர்கள் சத்தம் போடுவதில்லை. பேருந்துப் பயணிக்குச் சங்கம் கிடையாது. அவர் தரப்பைப் பேச ஓர் ஏற்பாட்டைத் தொடங்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

படி 4: பெயரையும் சொற்களையும் உள்ளூரில் தேடுங்கள்

அகமதாபாத் தன் தடத்துக்கு ‘ஜன்மார்க்’ என்று பெயர் வைத்தது. மக்கள் பாதை என்று பொருள். ‘ரேயா வாயா’ என்றால் ‘நாம் போகிறோம்’. தில்லித் தடம் கடைசிவரை ஆங்கில எழுத்துகளாகவே, பிஆர்டி என்றே இருந்தது. பெயர் மட்டும் ஒரு திட்டத்தைக் காப்பாற்றாது. ஆனால் திட்டுவதற்கு மூன்று எழுத்து வசதியானது, சொந்தம் கொண்டாட ஒரு சொல் வேண்டும்.

பெயரைவிட முக்கியம், அதிகாரிகளும் களப் பணியாளர்களும் தினமும் பயன்படுத்தும் சொற்கள். இதற்குச் சிறந்த பாடம் வங்கதேசத்திலிருந்து கிடைக்கிறது. 2000ஆம் ஆண்டு ராஜ்ஷாஹி மாவட்டத்தின் மோஸ்மோயில் கிராமத்தில், கமல் கர் என்பவர் திறந்தவெளி மலங்கழிப்பை ஊரே சேர்ந்து நிறுத்தும் ஒரு முறையை உருவாக்கினார். அங்கே களப் பணியாளர்கள் ‘சுகாதாரம்’, ‘கழிவு’ போன்ற சொற்களைத் தவிர்த்தார்கள். கிராமத்தில் வாய்விட்டுச் சொல்லும் பச்சையான சொல்லையே சொன்னார்கள். தமிழில் என்றால் ‘மலம்’ இல்லை, ‘பீ’. படித்த சொல் விஷயத்தை மூடி வைக்கும், பச்சையான சொல் மூக்கைப் பிடிக்க வைக்கும். ஊர் மக்களைத் தெருவோடு நடத்திக் கூட்டிப்போய், அது எங்கே கிடக்கிறது, ஈ எங்கிருந்து எங்கே பறக்கிறது என்று அவர்களையே பேச விட்டார்கள்.

இந்த முறை ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்குப் போனது. போன சில இடங்களில் ஊர் தானாக உணரும் வெட்கம் கைவிட்டுப் போய், வெளியிலிருந்து வந்தவர்கள் ஏழைகளை அவமானப்படுத்துவதாக அது மாறியதையும் பார்த்தோம். சொல் ஒன்றுதான், சொல்பவர் மாறியதும் பொருள் மாறிவிட்டது. ஆகவே யார் வாயில் எந்தச் சொல் வர வேண்டும் என்பதையும் முடிவு செய்யுங்கள்.

செய்து பார்க்க எளிய வழி: திட்டத்தை ஐந்து வாக்கியத்தில் எழுதி, எழுத்தறிவு அதிகம் இல்லாத ஒருவரிடம் படித்துக்காட்டுங்கள். அவர் அதைத் தன் பக்கத்து வீட்டு அம்மாவிடம் எப்படிச் சொல்வார் என்று கேளுங்கள். அவர் சொன்னதுதான் உங்கள் நோட்டீஸ்.

படி 5: மாற்றப் பதிவேடு ஒன்று தொடங்குங்கள்

சின்ன வேலை, ஆனால் தவறாமல் செய்ய வேண்டியது. ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: அங்கே எப்படி இருக்கிறது, இங்கே எப்படிச் செய்யப் போகிறோம், யார் சொன்னதால் மாற்றினோம், எப்போது மறுபடி பார்ப்போம்.

லாகோஸ் தன் திட்டத்துக்கு ‘பிஆர்டி லைட்’ என்றே பெயர் வைத்தது. முழுப் பொகோட்டாவை நாங்கள் கட்டவில்லை, எங்களால் முடிந்த, எங்களுக்குத் தேவையான பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டோம் என்று வெளிப்படையாகச் சொன்ன பெயர் அது. தடம் முழுவதும் கல் தடுப்பு இல்லை. சில இடங்களில் பெயின்ட் கோடு மட்டும், சில இடங்களில் மற்ற வண்டிகளோடு கலந்தே ஓட்டம். இரண்டு மூன்று பெட்டி இணைத்த நீளப் பேருந்துக்குப் பதில் சாதாரணப் பேருந்து. இப்படிக் குறைத்ததால் செலவும் குறைந்தது, நாளும் குறைந்தது.

எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கவே கூடாது என்பதை முடிவு செய்ய, திட்டத்தின் உயிர்நாடி எது என்று ஊற்று ஊர்க்காரர்களிடம் கேட்டே ஆக வேண்டும். பளிங்கு நிலையம் இல்லாமல் பேருந்து ஓடும். பேருந்துக்கென்று ஒதுக்கிய பகுதிக்குள் மற்ற வண்டிகள் புகுந்தால் ஓடாது. பதிவேட்டை அலுவலகத்தில் பூட்டி வைக்காதீர்கள். வார்டு கூட்டத்தில் படித்துக்காட்டுங்கள். ‘யார் சொன்னதால்’ என்ற பத்தியில் தன் தெருப் பெயரைப் பார்ப்பவர் திட்டத்தை வேறு கண்ணால் பார்ப்பார்.

படி 6: பழகிப் பார்க்க விட்டு, அப்புறம் கருத்துக் கேளுங்கள்

நெரிசல் கட்டணம் என்ற இன்னொரு இறக்குமதியைப் பாருங்கள். நகர மையத்துக்குள் கார் நுழைந்தால் காசு கட்ட வேண்டும் என்று லண்டன் 2003 பிப்ரவரியில் கொண்டுவந்தது. அதைப் பார்த்து இரண்டு நகரங்கள் முயன்றன. எடின்பரோ 2005 பிப்ரவரியில் மக்களிடம் முதலில் வாக்கெடுப்பு வைத்தது. ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள், திட்டம் அதோடு முடிந்தது. ஸ்டாக்ஹோம் 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை ஏழு மாதம் சோதனையாக நடத்திக்காட்டியது. போக்குவரத்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அளவீடுகளை இடையிடையே வெளியிட்டார்கள். செப்டம்பரில் வாக்கெடுப்பு வைத்தார்கள். தொடங்குமுன் எதிர்த்த ஊர், சின்னப் பெரும்பான்மையில் சரி என்றது. 2007 ஆகஸ்டில் அது நிரந்தரமானது.

இரண்டு இடத்திலும் மக்களைத்தான் கேட்டார்கள். ஒரு இடத்தில் அவர்கள் பார்க்காத ஒன்றைப் பற்றிக் கேட்டார்கள், இன்னொரு இடத்தில் வாழ்ந்து பார்த்ததைப் பற்றிக் கேட்டார்கள். தெரியாத ஒன்றுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்வது மனித இயல்பு, அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. ஸ்டாக்ஹோமைச் சுற்றியுள்ள நகராட்சிகள் பலவும் தாங்களே வாக்கெடுப்பு நடத்தி, பெரும்பாலும் எதிராகச் சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லைக்கு வெளியே இருப்பவரோடும் பேச வேண்டியிருக்கிறது.

அகமதாபாத்தில் 2009 அக்டோபரில் முதல் 12.5 கிலோமீட்டர் முறையாகத் தொடங்கியது. அதற்கு முன் சோதனை ஓட்டத்தில் மக்களை இலவசமாக ஏற்றிப் பழக்கினார்கள். வடிவமைப்பில் நகரத்தின் செப்ட் பல்கலைக்கழகம் கூடவே இருந்தது. முதல் தடத்துக்கு ஊரிலேயே நெரிசலான சாலையை எடுக்காமல், இடம் இருக்கும் சாலையை எடுத்தார்கள். எல்லோரும் பார்க்கும் முதல் காட்சி நெரிசலாக இருக்கக் கூடாது என்பதும் ஒரு தகவல் தொடர்பு முடிவுதான்.

சோதனைக்கு மூன்று விதிகள். எப்போது முடியும் என்ற தேதியைச் சொல்லிவிடுங்கள். எது நடந்தால் தோல்வி என்று ஒத்துக்கொள்வீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதிப் பகிரங்கமாக ஒட்டுங்கள். சோதனையின்போது எண்களை மறைக்காதீர்கள், மோசமான வாரத்தின் எண்ணையும் சேர்த்து வெளியிடுங்கள்.

படி 7: தொடங்கும் நாள்

2007 பிப்ரவரி 10. சிலி நாட்டின் சான்டியாகோ நகரம் ‘டிரான்சான்டியாகோ’ என்ற புதிய அமைப்புக்கு ஒரே நாளில் மாறியது. பொகோட்டாவின் வெற்றியைப் பார்த்து, அதைவிடப் பெரிதாக, முழு நகரத்துக்கும் போட்ட திட்டம். பழைய மஞ்சள் பேருந்துகளின் வழித்தடங்கள் போய்ப் புதிய தடங்கள் வந்தன. ஒரே வண்டியில் போனவர்கள் இறங்கி மாற வேண்டியிருந்தது. காசுக்குப் பதில் அட்டை. போதுமான பேருந்துகள் தெருவுக்கு வரவில்லை, கண்காணிப்புக் கருவிகள் தயாராகவில்லை. கூட்டமெல்லாம் மெட்ரோவில் போய் அடைந்தது. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பிய ஏழைகள் மணிக்கணக்கில் நிறுத்தத்தில் நின்றார்கள்.

அங்கே விளம்பரத்துக்குக் குறைவில்லை. நாடே கொண்டாடிய கால்பந்து வீரர் இவான் சமோரானோதான் விளம்பரத்தின் முகம். அடுத்த மாதமே அதிபர் மிச்செல் பாச்செலட் மக்களிடம் மன்னிப்புக் கேட்டு, போக்குவரத்து அமைச்சரை மாற்ற நேர்ந்தது. விளம்பரத்துக்கும் தகவலுக்கும் உள்ள தூரத்தை எனக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டிய சம்பவம் வேறு இல்லை. ‘புதிய சான்டியாகோ வருகிறது’ என்பது விளம்பரம். ‘நாளைக் காலை ஐந்தரைக்கு உன் தெருமுனையிலிருந்து ஆஸ்பத்திரி வேலைக்கு இந்த வண்டி, இந்த இடத்தில் மாறு’ என்பது தகவல். அந்தத் தகவலைச் சொல்ல முடியவில்லை என்றால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

தொடங்கும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பு பாருங்கள்: நடத்துநர், ஓட்டுநர், போக்குவரத்துக் காவலர் ஆகியோருக்கு எல்லாம் தெரியுமா? மக்கள் இணையதளத்தைப் பார்ப்பதற்கு முன் இவர்களைத்தான் கேட்பார்கள். நிறுத்தத்துக்கு எதிரே உள்ள டீக்கடைக்காரரையும் பூ விற்கும் அம்மாவையும் கேட்பார்கள். அவர்களிடம் ஒரு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்து, பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்குங்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தனித் தாள், அந்த நிறுத்தத்தின் வண்டிகள் மட்டும். முழு நகர வரைபடம் அதிகாரிகளுக்குத்தான் பிடிக்கும்.

பத்திரிகையாளர்களை முதல் நாள் பேருந்திலேயே ஏற்றிக்கொண்டு போங்கள். குறை இருந்தால் நீங்களே முதலில் சொல்லுங்கள். மாலை ஏழு மணிக்குள் “இன்று இவை தவறின, நாளை இவற்றைச் சரிசெய்கிறோம்” என்ற அறிவிப்பு தினமும் வர வேண்டும், குறைந்தது ஒரு மாதத்துக்கு.

படி 8: இன்னும் பேசாதவர் யார் என்று தேடுங்கள்

வெற்றி என்று எல்லோரும் கைதட்டும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். அகமதாபாத் பரிசுகள் வாங்கியது. ஆனால் தடம் போன வழியில் நடைபாதை வியாபாரிகள் இடம் இழந்தார்கள், நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் கிடைத்த பாதை குறைவு, பழைய நகரப் பேருந்தைவிடக் கட்டணம் கூடுதலாக இருந்ததால் மிக ஏழைகள் குறைவாகவே ஏறினார்கள் என்று ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். பேருந்தில் ஏறியவரிடம் மட்டும் ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் இது தெரியவே தெரியாது. ஏறாமல் நடந்து போகிறவரைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும்.

புகார் பெட்டி, உதவி எண் எல்லாம் வையுங்கள். அதைவிட, மாதம் ஒரு முறை தடத்தின் ஓரமாகவே நடந்து போய்க் கேளுங்கள். வந்த புகார்களில் எதைச் சரிசெய்தீர்கள், எதைச் செய்ய முடியவில்லை, ஏன் முடியவில்லை என்பதை அதே நிறுத்தத்தில் ஒட்டுங்கள். மாற்றப் பதிவேட்டில் புதிய வரிகளைச் சேர்த்துக்கொண்டே இருங்கள்.

அப்புறம் ஒரு நாள் வேறு ஊர்க்காரர்கள் உங்கள் ஊரைப் பார்க்க வருவார்கள். லாகோஸுக்கு அப்படி மற்ற ஆப்பிரிக்க நகரங்களிலிருந்து வந்தார்கள். வருபவர்களை நிலையத்தின் முன்னால் நிறுத்திப் புகைப்படம் எடுத்து அனுப்பிவிடாதீர்கள். ஒரு மதிய நேரம் சங்கத்து ஆட்களோடு தனியாக உட்கார வையுங்கள், அதிகாரிகள் பக்கத்தில் இல்லாமல். பதிவேட்டின் ஒரு நகலையும், தோற்றுப்போன முயற்சிகளின் பக்கங்களைக் கிழிக்காமல், கையில் கொடுத்தனுப்புங்கள்.